நூறு டொலர் கணனி

நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றை இலவசமாகப் பெற்ற விவசாயிக்கு, அதன் விலை வேறு, அதை ஓடவைக்கும் செலவு வேறு என்பது தெரியும். மண்ணெண்ணெயும் உதிரிப்பாகமும் திருத்துபவரும் இல்லாவிட்டால் அது கொட்டிலில் கிடக்கும் இரும்புதான். பிள்ளைகளுக்கான மலிவுக் கணனியையும் நாம் இவ்வாறே பார்க்கவேண்டியுள்ளது.

வறிய நாடுகளின் ஒவ்வொரு பிள்ளைக்கும் 100 டொலரில் ஒரு மடிக்கணனி என்ற திட்டத்தை 2005 இல் அமெரிக்கரான நிக்கலஸ் நெக்ரோபொன்ரே அறிவித்தார். 2007 இல் உற்பத்தி தொடங்கியபோது விலை 188 டொலர் அளவுக்கு ஏறியிருந்தது. எனினும் பொருள் நல்ல பொருளே. தூசியும் நீரும் எளிதில் புகாத இறப்பர் விசைப்பலகை, நடுப்பகல் வெயிலிலும் எழுத்துத் தெரியும் திரை, மிகக் குறைந்த மின்சாரத் தேவை. பிள்ளைகளே கழற்றிப் பூட்டட்டும் என்று கைபிடிக்குள் மேலதிக திருகாணிகளைக்கூட வைத்திருந்தார்கள்!

தென்னமெரிக்காவின் பெரு நாடு 8 இலட்சத்துக்கும் அதிகமான கணனிகளை வாங்கி, வறிய கிராமப் பாடசாலைகளுக்கு முதலிடம் கொடுத்தது. அந்த நோக்கத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் 319 கிராமப் பாடசாலைகளில் நடந்து 2012 இல் வெளியான ஆய்வொன்று, கணனி கிடைத்து 15 மாதங்களாகியும் பிள்ளைகள் கணிதத்திலோ மொழியிலோ முன்னேறவில்லை எனக் கண்டது. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறிது நன்மை தெரிந்தது. இணையத் தொடர்பு அப்பாடசாலைகளில் அநேகமாக இல்லை. கணனியைப் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது என்பதில் ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி கிடைக்கவில்லை. உடைந்தால் தாமே பொறுப்பு என்று அஞ்சி, வீட்டுக்குக் கொண்டுவரவேண்டாம் என்ற பெற்றோரும் இருந்தனர். அந்த அச்சம் எமது வாசகர்களுக்குப் புதிதல்ல.

உருகுவே நாடு 2009 அளவில் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் இதே கணனியைக் கொடுத்தது. இணையத் தொடர்புக்கும் திருத்த வேலைக்கும் ஒழுங்கு செய்தது. அங்கும் கணனியால் மட்டும் கணிதப் புள்ளிகள் உயரவில்லை. ஆனால் 2012 முதல், ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்புகளுக்குத் தொலைவிலுள்ள ஆசிரியர் திரையில் தோன்றிக் கற்பிக்கிறார். இயந்திரம் ஓர் ஆசிரியரைக் கொண்டுவந்தது. அதுவே எமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் பிள்ளைகளின் பாடசாலைக்குக் கணனி தர எவரேனும் முன்வந்தால், விலையைக் கேட்டு வியக்கவேண்டாம். பழுதானால் திருத்துவது யார், காசு யாருடையது என்று கேளுங்கள். ஆசிரியருக்கு எத்தனை நாள் பயிற்சி என்றும் கேளுங்கள். குடும்பம் சொந்த ஊர் திரும்பும்போது கணனி பிள்ளையோடு வருமா, பாடசாலையிலேயே நின்றுவிடுமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.