அடுப்படியில் ஒரு பாடசாலை: பிரெஞ்சுக் குசினியின் பயிலுநர்கள்



நமது வீடுகளில் நாளாந்தம் புழங்கும் 'குசினி' என்ற சொல் தமிழுமல்ல, அறபுமல்ல. போர்த்துக்கேயர் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்ட காலத்தில் அவர்களது மொழியிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த சொல் அது. பிரெஞ்சுக்காரர் சமையலறைக்கும் சமையற் கலைக்கும் வழங்கும் 'குவிஸீன்' என்ற சொல்லும் அதே லத்தீன் வேரிலிருந்து பிறந்ததுதான். ஆக, சொல்லளவில் உங்கள் குசினியும் பாரிஸ் நகரத்து உணவகத்தின் குசினியும் ஒரு தாய் பிள்ளைகள். வேலையளவில் எப்படி என்பதை இக்கட்டுரையை வாசித்து முடித்த பின் நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

ஹோட்டல் தொழில் கற்க வேண்டும், அதிலும் பிரெஞ்சுச் சமையல் கற்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் இன்று நம்மிடையேயும் உண்டு. உயர்ந்த வெள்ளைத் தொப்பியும் மினுங்கும் பீங்கான்களும் அவர்களின் கண்ணைக் கவருகின்றன. அந்தத் தொப்பியை அணியுமுன் ஒரு பயிலுநர் எதைச் செய்கிறார், எதைக் கற்கிறார், எதைச் சகிக்கிறார் என்பதை உம்மாமார் அறிந்திருப்பது நல்லது.

படையணி போன்ற ஒழுங்கு

இன்றைய பிரெஞ்சுக் குசினியின் அமைப்பை ஒழுங்குபடுத்தியவர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே. 1846 ஆம் ஆண்டு பிறந்த இவருக்குச் சிற்பியாக வேண்டும் என்பதே சிறுவயது ஆசை. ஆனால் 1859 இல், பதின்மூன்று வயதில், நீஸ் நகரில் தன் சிறிய தந்தை நடத்திய உணவகத்தில் வேலை பழக அனுப்பப்பட்டார். 1870 இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போரில் படையினருக்குச் சமைத்தார். பின்னர் லண்டனின் பெரிய ஹோட்டல்களில் தலைமைச் சமையற்காரராக இருந்தபோது, படையில் கண்ட ஒழுங்கையே குசினிக்கும் கொண்டு வந்தார். அதற்குப் 'ப்ரிகேட்', அதாவது படையணி என்றே பெயர்.

குழம்புச் சாறுகளுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், சுடும் இறைச்சிக்கு ஒருவர், மரக்கறிக்கு ஒருவர், குளிர் உணவுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று பகுதிகள் பிரிக்கப்பட்டன. எல்லோருக்கும் மேலே 'ஷெஃப்', அவருக்கு அடுத்து 'சூ ஷெஃப்'. பகுதித் தலைவருக்குக் கீழே உதவியாளர்; அவருக்குக் 'கொமி' என்று பெயர். அவருக்கும் கீழே தொழில் பழகுபவர். குறுகிய காலப் பயிற்சிக்கு வருபவரை 'ஸ்தாஜியேர்' என்பர். எல்லோருக்கும் அடியில் பாத்திரம் கழுவும் 'ப்ளோஞ்சர்'.

இந்தக் கடைசிச் சொல்லின் பாரம் இலங்கையர் பலருக்குத் தெரியும். 1980களிலிருந்து போரினால் பெயர்ந்து பாரிஸ் சென்ற நம் நாட்டுத் தமிழர் பலருக்கு முதலில் வாய்த்தது உணவகங்களில் கோப்பை கழுவும் வேலைதான். அவ்வாறு தொட்டியடியில் நின்றவர்களில் சிலர் வெங்காயம் உரிக்கத் தொடங்கி, கத்தி பிடிக்கப் பழகி, அடுப்படிக்கு வந்து, பிரெஞ்சுக்காரருக்கே பிரெஞ்சுச் சமையல் சமைத்துக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது எந்தக் கல்லூரியுமல்ல, வேலையேதான்.

முதற் பாடம்

பயிலுநருக்கு முதலில் கிடைப்பது அடுப்பல்ல. காலை எட்டரை, ஒன்பது மணிக்கு வந்து, கை கழுவி, மேலங்கி அணிந்து, மரக்கறிப் பெட்டிகளின் முன்னால் நிற்க வேண்டும். லீக்ஸின் மடிப்புகளில் மண் இருக்கும். பிளந்து பல தடவை கழுவ வேண்டும். கிலோக்கணக்கில் கரட்டும் உருளைக்கிழங்கும் தோல் சீவ வேண்டும். பின்னர் வெட்டு. தீக்குச்சி போன்ற மெல்லிய நீள வெட்டுக்கு 'ஜூலியன்' என்றும், இரண்டு மூன்று மில்லிமீற்றர் சதுரத் துண்டுகளுக்குப் 'ப்ரூனுவாஸ்' என்றும் பெயர். அழகுக்காக மட்டும் இப்படி வெட்டுவதில்லை. துண்டுகள் ஒரே அளவாக இருந்தால்தான் ஒன்று கரையுமுன் மற்றது பச்சையாக நிற்காமல் எல்லாம் ஒன்றாய் வேகும்.

எலும்புச் சாறு காய்ச்சுவது அடுத்த பாடம். குளிர்ந்த தண்ணீரில் எலும்பைப் போட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். மேலே வரும் நுரையை அகப்பையால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொதி மிஞ்சினால் சாறு கலங்கிவிடும். மணிக்கணக்கில் காத்திருக்கும் இந்த வேலையை அவசரக்காரர் செய்ய முடியாது. பிரெஞ்சுக்காரர் இச்சாற்றுக்கு வைத்த பெயர் 'ஃபோன்'. அதன் பொருள் அடித்தளம்.

இவை அனைத்தையும் தாங்கி நிற்பது 'மீஸ் ஆன் ப்ளாஸ்' என்ற ஒழுங்கு. 'இடத்தில் வைத்தல்' என்பது பொருள். விருந்தினர் வருமுன் நறுக்க வேண்டியது நறுக்கி, அளக்க வேண்டியது அளந்து, உப்பு எங்கே, கரண்டி எங்கே, துணி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் விதமாக வைப்பது. அறபுக் கல்லூரியில் ஓதியவர்கள் இதைச் சட்டென விளங்கிக்கொள்வர். முதல் வருடத்தில் வினைச்சொல் வாய்பாடுகளைத் திரும்பத் திரும்ப ஓதும்போது சலிப்புத் தட்டும். பின்னொரு நாள் கிதாபைத் திறந்ததும் அந்த வாய்பாடு தானாக நாவில் வந்து நிற்கும். குசினியின் வாய்பாடு கரட் வெட்டுவது.

உங்கள் வீட்டுக்கும் பயன்படும் இரண்டு பழக்கங்களை இங்கே சொல்லிவிடலாம். வெட்டும் பலகைக்குக் கீழே ஈரத்துணி ஒன்றை விரித்தால் பலகை வழுக்காது, கையும் வெட்டுப்படாது. சூடான சட்டியைப் பிடிக்கும் துணியோ எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்துணி சூட்டைக் கடத்திக் கையைச் சுட்டுவிடும். பயிலுநர் முதல் வாரத்திலேயே படிக்கும் பாடங்கள் இவை.

மாடு கறந்த மாணவர்

பிரெஞ்சுச் சமையல் என்றதும் ஆண்களின் பெயர்களே நினைவுக்கு வரும். ஆனால் லியோன் நகரின் உணவுக்குப் புகழ் தேடித் தந்தவர்கள் பெண்கள். அவர்களை அந்நகர மக்கள் 'மேர்', அதாவது தாய் என்றே அழைத்தனர். அவர்களில் தலையாயவர் எஜெனி ப்ராஸியே. 1895 இல் கிராமமொன்றில் பிறந்து, பத்து வயதில் தாயை இழந்து, பண்ணைகளில் வேலை செய்து வளர்ந்தவர். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. லியோனுக்கு வந்து ஒரு குடும்பத்தில் பணியாளாக இருந்து, பிறகு இன்னொரு 'தாயின்' குசினியில் வேலை பழகி, 1921 இல் சொந்தமாகச் சிறியதோர் உணவகம் திறந்தார். 1933 இல் மிஷெலின் வழிகாட்டி நூல் அவரது இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று நட்சத்திரங்களை வழங்கியது. ஒரே நேரத்தில் ஆறு நட்சத்திரம் பெற்ற முதலாமவர் ஒரு பெண் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவரிடம் பயிலுநராக வந்த இளைஞர் போல் போகூஸ். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்று, 2018 இல் காலமானவர். ப்ராஸியேயிடம் சேர்ந்தபோது அவர் செய்த வேலைகளில் மாடு கறப்பதும், தோட்டத்தைப் பார்ப்பதும், துணி துவைப்பதும் அடங்கும். பாலின் ருசியை மாட்டிடமிருந்தும் மரக்கறியின் ருசியை மண்ணிலிருந்தும் அவர் அறிந்தது அங்கேதான்.

நம் வீட்டுக் குசினியில் பத்து வயதுப் பிள்ளைக்கு வெங்காயம் உரிக்கவும், அரிசி களையவும், ஆணத்தின் பதம் பார்க்கவும் கற்றுக் கொடுக்கும் உம்மாமார் செய்வதும் இதே பணிதான். அங்கே அதற்குப் பட்டமும் சம்பளமும் உண்டு. இங்கே 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்கிறோம்.

சூடும் சுடுசொல்லும்

இனி மறுபக்கம். காலையில் வந்த பிள்ளை பகல் உணவு முடிந்து மூன்று மணியளவில் சற்று ஓய்வான். ஆறு மணிக்கு மீண்டும் அடுப்படி; முடிய நள்ளிரவாகும். சட்டம் வேலை நேரத்துக்கு எல்லை வகுத்திருந்தும், பல குசினிகளில் அந்த எல்லை மதிக்கப்படுவதில்லை. அடுப்பின் அனல், ஈரத்தரை, கூரான கத்தி, இவற்றுடன் 'உய் ஷெஃப்' என்பதைத் தவிர வேறு மறுமொழி சொல்ல முடியாத நிலை.

பயிலுநரை ஏசுவதும், அடிப்பதும், சூடான கரண்டியால் சுடுவதும்கூட நெடுங்காலமாகச் சில குசினிகளில் 'தொழில் பழக்கும் முறை' என்று பொறுத்துக்கொள்ளப்பட்டன. 'நாங்களும் இப்படித்தான் பழகினோம்' என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். இந்த நியாயம் நம் காதுக்கும் புதிதல்ல. 2014 இல் ஜெரார் காக்னா என்ற அனுபவம் மிக்க சமையற்காரர் 'என் கொமியைத் தொடாதே' என்ற தலைப்பில் அறிக்கையொன்றை முன்வைத்து, குசினி வன்முறைக்கு எதிராகக் குரல் எழுப்பினார். அதன் பின்னரே இவ்விடயம் பிரான்ஸில் பகிரங்கமாகப் பேசப்படலாயிற்று.

ஆயினும் அடித்தால்தான் படிவான் என்ற வாதத்துக்கு எஸ்கோஃபியே ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பதில் கொடுத்துவிட்டார். சிறுவயதில் தானே அடி வாங்கிப் பழகிய அவர், தன் குசினியில் கூச்சலையும் ஏச்சையும் தடைசெய்தார். அனலில் நிற்கும் சமையற்காரர் தாகத்துக்கு மதுவை நாடுவதைக் கண்டு, குடியை விலக்கி, வாற்கோதுமையில் செய்த பானத்தை வைக்கச் செய்தார். அந்தக் குசினியிலிருந்துதான் உலகின் பெரிய ஹோட்டல்களுக்குச் சமையற்காரர்கள் சென்றார்கள்.

ஹலால் பற்றிய கவனம்

நம் பிள்ளைகளுக்கு மேலதிகமான ஒரு சோதனையும் அங்கே உண்டு. பிரெஞ்சுச் சாறுகள் பலவற்றில் வைன் சேரும், சிலவற்றில் பிராந்தி. பன்றிக் கொழுப்பும் ஜெலட்டினும் எதிர்பாராத பண்டங்களில் இருக்கும். சமையற்காரன் ருசி பார்த்தே ஆக வேண்டியவன். 'நெருப்பில் மது ஆவியாகிவிடும்' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, பதினைந்து நிமிடம் கொதித்த பண்டத்தில் 40 வீதமும், இரண்டரை மணி நேரம் வெந்ததில் 5 வீதமும், மதுவூற்றித் தீமூட்டிய பண்டத்தில் 75 வீதமும் மது எஞ்சுகிறது.

ஆகவே போகுமுன்னரே ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவது அவசியம். வழிகள் அடைபட்டுவிடவில்லை. ஹலால் இறைச்சி கொண்டு பிரெஞ்சு முறையில் சமைக்கும் உணவகங்கள் பாரிஸில் இருக்கின்றன. பாண் சுடும் தொழிலும் உண்டு. 1993 ஆம் ஆண்டின் அரசாணைப்படி, பிரெஞ்சுப் பாரம்பரிய பாணின் அடிப்படை மாவு, தண்ணீர், உப்பு, நொதி ஆகிய நான்கே.

பெற்றோர் கேட்க வேண்டியவை

உங்கள் பிள்ளை பிரான்ஸில் பயிலுநராகச் செல்ல விரும்பினால் இவற்றைக் கேளுங்கள். கற்பிக்கும் நிறுவனம், உணவகம், மாணவர் ஆகிய மூன்று தரப்பும் ஒப்பமிட்ட பயிற்சி ஒப்பந்தம் இருக்கிறதா? இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குக் கொடுப்பனவு வழங்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அது எழுத்தில் உள்ளதா? வேலை நேரம் எவ்வளவு? தங்குமிடம் எங்கே? மதுவும் பன்றியிறைச்சியும் ருசி பார்க்க வற்புறுத்தப்படுவாரா? பிரெஞ்சு மொழி எவ்வளவு தெரியும்? இவற்றுக்கு விடை தராமல் காசு மட்டும் கேட்கும் முகவரை நம்ப வேண்டாம்.

சகோதரிகளே! பணியாளர் உணவைக் கொண்டுவந்தால் அவரையும் உடன் அமர்த்திக்கொள்ளுமாறும், இயலாவிடில் ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. அதன் சூட்டைத் தாங்கியவர் அவரே என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பாரிஸில் தொட்டியடியில் நிற்கும் பிள்ளைக்கும், கல்யாண வீட்டில் சட்டி கிளறும் பண்டாரிக்கும், உங்கள் வீட்டில் உதவிக்கு நிற்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும்; உங்களுக்கும் பொருந்தும். இன்று பகல் சஹனைச் சுற்றி எல்லோரும் அமரும்போது, சமைத்தவர் இன்னும் அடுப்படியில் நிற்கிறாரா என்று பாருங்கள். அவரை அழைத்து அமர்த்திய பின் 'பிஸ்மில்லாஹ்' சொல்லுங்கள்.

உழைப்பவரின் வியர்வையை மதிக்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.