மொட்டைமாடி வெயிலுக்கும் அசையாத கலர்ஃபுல் ஜெல்லி... கடல்பாசி இருந்தா பார்ட்டிக்கு பயமில்லை!

போன மே மாசம் அக்கா பொண்ணுக்குப் பிறந்தநாள். வீட்டுக்குள்ள இடம் பத்தாதுன்னு மொட்டைமாடியில ஷாமியானா போட்டாச்சு. கேக்குக்கு கடையில சொல்லியாச்சு. "ஸ்வீட்டை நான் பார்த்துக்கறேன்"னு வாயைக் கொடுத்தது நான்தான். ரீல்ஸ்ல பார்த்த ஏழு கலர் ஜெல்லி. ராத்திரி 2 மணி வரைக்கும் ஒவ்வொரு கலரா ஊத்தி, ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்து, காலையில எழுந்தா கண்ணாடி மாதிரி நிக்குது. பத்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் போட்டுட்டேன்.

சாயங்காலம் 5 மணிக்கு டிரேயை மாடிக்குக் கொண்டுபோனேன். மேஜிக் ஷோ முடிஞ்சு, கேக் வெட்டி, எல்லாருக்கும் ஊட்டி முடிக்கிறதுக்குள்ள ஏழு கலரும் ஒண்ணாக் கலந்து செம்மண் தண்ணி மாதிரி ஆகிடுச்சு. ஒரு வாண்டு வந்து "அங்கிள், ஸ்ட்ரா இருக்கா?"ன்னு கேட்டான்.

அதையாவது சிரிச்சு மழுப்பிடலாம். மழுப்ப முடியாதது அடுத்து நடந்தது. கீழ்வீட்டு அக்கா சுத்த சைவம். "தம்பி, இதுல என்ன சேர்த்திருக்கே? பையன் ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டுட்டான்"னாங்க. அப்பதான் ஜெலட்டின் பாக்கெட்டைத் தேடி எடுத்துப் படிச்சேன். அவங்க ஒண்ணும் சொல்லலை. பையனைக் கூட்டிட்டுப் போய் வாய் கொப்பளிக்க வெச்சாங்க. அந்த ரெண்டு நிமிஷம் இன்னும் எனக்கு மறக்கலை.

ரெண்டு சிக்கலுக்கும் காரணம் ஒண்ணுதான். ஜெலட்டின்.

ஜெலட்டின் ஏன் நம்ம ஊர்ல காலை வாருது?

ஜெலட்டின் என்பது மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து எடுக்கப்படுவது. மீனிலிருந்தும் எடுப்பாங்க. அதனால சைவம் சாப்பிடுறவங்களுக்கு அது ஆகாது. ஹலால் பார்க்கிறவங்க எதிலிருந்து, எப்படி எடுத்ததுன்னு தெரியாம தொட மாட்டாங்க. ஒரு பார்ட்டிக்கு முப்பது பேரைக் கூப்பிட்டா இவங்கல்லாம் கண்டிப்பா இருப்பாங்க.

அடுத்தது சூடு. ஜெலட்டின் 30 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள்ள உருகிடும். வாயில வெச்சதும் கரையுதே, அந்த சுகமே நம்ம உடம்புச் சூட்டுல அது உருகுறதாலதான் வருது. ஆனா மே மாச சென்னையில மாடியே வாய்க்குள்ள இருக்கிற சூட்டுலதான் இருக்கு. பாவம், ஜெல்லி என்ன பண்ணும்?

கலர் பாக்கெட் ஜெல்லியை உலகத்துக்குப் பழக்கின 'ஜெல்-ஓ' 1897-ல அமெரிக்காவுல, நியூயார்க் மாகாணத்தின் லெராய் என்ற சின்ன ஊர்ல பிறந்தது. பனி கொட்டுற ஊர் அது. ரீல்ஸ்ல நாம பார்க்கிற பாதி ரெசிப்பிகள் அந்த மாதிரி ஊருக்காரங்களோடது. அளவு மாறாம அப்படியே காப்பியடிச்சாலும் நம்ம மாடியில நிக்காது.

சோதனைக்கூடத்தைக் காப்பாத்துன சமையல்கட்டு

என்னோட மாடியில நடந்த அதே கூத்து 1881-ல ஜெர்மனியில ஒரு பெரிய சோதனைக்கூடத்துல நடந்திருக்கு. கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் கோக் குழுவினர் ஜெலட்டின் மேலதான் அதுகளை வளர்த்தாங்க. வெயில் காலம் வந்தா ஜெலட்டின் உருகிடும். போதாக்குறைக்கு சில கிருமிகள் அதைத் தின்னே தண்ணியாக்கிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே நொந்துபோய், "நீ செய்யற ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் வெயில்ல எப்படி நிக்குது?"ன்னு மனைவி ஃபேனியைக் கேட்டார். ஃபேனி சொன்ன பதில், அகர் அகர். ஜாவாவில் வாழ்ந்துட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட கத்துக்கிட்டது. இன்னிக்கும் உலகம் முழுக்க லேப்ல கிருமி வளர்க்கிறது அகர் மேலதான். அடுத்த வருஷம் கோக் எழுதின கட்டுரையில அகர் இருந்தது, ஃபேனி பேர் இல்லை. அது வேற கதை.

இந்த அகர் அகர்தான் நம்ம மளிகைக் கடையில 'சைனா கிராஸ்', முஸ்லிம் வீடுகள்ல 'கடல்பாசி'. நோன்பு மாசம் சாயங்காலம் பால்ல காய்ச்சி, தட்டுல ஊத்தி, வில்லை போட்டுத் தருவாங்களே, அதேதான். சிவப்புக் கடல்பாசிகளிலிருந்து எடுப்பதால இதுல விலங்கு சமாசாரமே கிடையாது. ராமநாதபுரம் கடலோரம் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கிற 'மரிக்கொழுந்து பாசி'யிலிருந்தும் அகர் தயாராகுது. பாறையும் பவளமும் கிழிக்கிற வேலை அது. பத்து கிராம் பாக்கெட்டை அலட்சியமா உதறுறதுக்கு முன்னாடி எனக்கு இப்பல்லாம் அந்தத் துணி சுத்தின விரல்கள்தான் ஞாபகம் வருது.

அகரோட பெரிய ப்ளஸ் இதுதான்: சுமார் 35-லிருந்து 40 டிகிரிக்கு ஆறினதுமே உறைஞ்சிடும், ஃப்ரிட்ஜ்கூடத் தேவையில்லை. ஒருதடவை உறைஞ்சிட்டா திரும்ப உருக ஏறக்குறைய 85 டிகிரி வேணும். எந்த மொட்டைமாடியும் அந்தச் சூட்டைத் தொடாது.

கடையில ரெடிமேட் ஜெல்லி கிரிஸ்டல் வாங்குறவங்க பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. பச்சை வட்டம் இருந்தா சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தா அசைவம். சேர்மானத்துல 406-னு எண் இருந்தா அகர், 407-னா காராஜீனன். ரெண்டுமே கடல்பாசிதான்.

உடைஞ்ச கண்ணாடி ஜெல்லி

ஏழு கலரை அடுக்கடுக்கா ஊத்துறதைவிட எனக்கு இப்ப பிடிச்சது இந்த வகை. கலர் ஜெல்லித் துண்டுகளை வெள்ளை பால் ஜெல்லிக்குள்ள புதைச்சு, வெட்டினா சர்ச் ஜன்னல் கண்ணாடி மாதிரி தெரியும். பார்க்கிறதுக்குப் பெரிய வித்தை, செய்யறதுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. எட்டு இஞ்ச் சதுர டிரே, ரெண்டு இஞ்ச் ஆழமாவது இருக்கணும். முப்பது துண்டு வரை வரும்.

அளவு ரொம்ப சிம்பிள். அகர் பவுடர்னா ஒரு கப்புக்கு (250 மி.லி) தலைதட்டின ஒரு டீஸ்பூன். நூல் மாதிரி இருக்கிற சைனா கிராஸ்னா நாலு கப்புக்கு 10 கிராம். அதைக் கத்தரிக்கோலால நறுக்கி அரை மணி நேரம் தண்ணியில ஊறவெச்சிடுங்க. பிராண்டுக்கு பிராண்டு வீரியம் மாறும். அதனால ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் கலவையை ஃப்ரீசர்ல வெச்ச தட்டுல விட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சுத் தொட்டுப் பாருங்க.

முதல்ல மூணு கலர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கப். எசன்ஸும் ஃபுட் கலரும் ஊத்தலாம்தான், ஆனா வீட்டுல இருக்கிறதே போதும். சிவப்புக்கு பீட்ரூட் சாறு. மண் வாசனை வரும், கொஞ்சம் ரோஸ் எசன்ஸ் விட்டா அடங்கிடும். மஞ்சளுக்கு மாம்பழக் கூழ். நீலத்துக்கு சங்குப்பூ. பத்துப் பன்னிரண்டு பூவை வெந்நீர்ல போட்டு வடிகட்டினா அசல் இங்க் நீலம். அதுல அஞ்சாறு சொட்டு எலுமிச்சை விட்டா கண்ணு முன்னாடியே ஊதாவா மாறும். குழந்தைங்களைக் கூப்பிட்டுக் காட்டிட்டுச் செய்யுங்க.

அகரைத் தண்ணியில போட்டு மூணு, நாலு நிமிஷமாவது நல்லா கொதிக்க விடணும். இதுலதான் முக்கால்வாசி பேர் கோட்டை விடுறாங்க. சூடானா போதும்னு இறக்கிட்டா அடியில ரப்பர், மேல தண்ணின்னு நிக்கும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தா ஒரு பொட்டுகூட ஒட்டாம வழியணும். அப்புறம்தான் சர்க்கரை. சாறும் பழக்கூழும் அடுப்பை அணைச்ச பிறகு. அதுவும் ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த ஜில் மாம்பழக் கூழை விட்டீங்கன்னா பட்ட இடத்துலயே அகர் உறைஞ்சு கட்டி கட்டியா ஆகிடும்; லேசா சூடு பண்ணிட்டு விடுங்க. எலுமிச்சையைச் சேர்த்துக் கொதிக்கவிட்டாலும் புளிப்புல அகரோட பிடிமானம் போயிடும்.

ஒரு உபகாரம் என்னன்னா, பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி எல்லாம் இதுல தைரியமா போடலாம். அதுல இருக்கிற என்சைம்கள் புரதத்தை வெட்டும், அதனால ஜெலட்டின் உறையவே உறையாது. அகர் புரதமே இல்லையே, வெட்ட அங்கே ஒண்ணுமில்லை.

மூணையும் தனித்தனி தட்டுல ஊத்தி, உறைஞ்சதும் அரை இஞ்ச் துண்டுகளா வெட்டி டிரேயில கலந்து பரப்பிடுங்க. இப்ப வெள்ளை. ஒரு கப் தண்ணியில மூன்றரை டீஸ்பூன் அகரைக் கொதிக்கவெச்சுக் கரைச்சு, தனியா காய்ச்சின அரை லிட்டர் சூடான பாலையும் அரை டின் கண்டென்ஸ்டு மில்க்கையும் அதுல சேருங்க. பாலிலேயே நேரா அகரைப் போட்டா கரைஞ்சுதா இல்லையான்னு தெரியாது, அடியும் பிடிக்கும். பால் வேண்டாம்கிறவங்க தேங்காய்ப்பால் ஊத்தலாம். மலேசியா, சிங்கப்பூர் நண்பர்கள் வீட்டுல அகர் அகர்னாலே தேங்காய்ப்பால்தான். முதல் பால் மேல ஏறி தானாவே ரெண்டு அடுக்காப் பிரிஞ்சு நிக்கும்.

எப்ப ஊத்தணும்? இதுதான் மேட்டரே!

ஜெலட்டின் ரெசிப்பியில "கீழ் அடுக்கு நல்லா கெட்டியானதும், ஆறின கலவையை ஊத்தவும்"னு போட்டிருக்கும். சூடா ஊத்தினா கீழே இருக்கிறது உருகிடும், அதனால. அகருக்கு இது அப்படியே தலைகீழ். இங்கே ஆறினதை ஊத்தினா ரெண்டும் ஒட்டாது. வெட்டும்போது கலர் துண்டு கோலிக்குண்டு மாதிரி உருண்டு ஓடிடும். ஆவி லேசா பறக்கிற சூட்டுல ஊத்தணும். 60 டிகிரிகிட்ட, விரலை வெச்சா உடனே எடுக்கத் தோணுற சூடு.

கலர் துண்டுகள் ஃப்ரிட்ஜ்ல இருந்திருந்தா அரை மணி நேரம் முன்னாடியே வெளியே எடுத்து, மேல கசிஞ்ச தண்ணியைத் துணியால ஒத்தி எடுங்க. அந்த ஈரம்தான் ஒட்டவிடாம பண்ணும். அடுக்கு ஜெல்லி செய்யறவங்களுக்கும் இதே கணக்குதான். கீழ் அடுக்கு விரல்ல ஒட்டணும், ஆனா விரல் உள்ளே போகக் கூடாது. அந்த நேரத்துல அடுத்த கலரை ஒரு கரண்டியோட முதுகுல விட்டு மெதுவா வழியவிடுங்க.

சரியா வரலைன்னா பதறாதீங்க. அகரைத் திரும்பக் காய்ச்சலாம். தளர்ந்திருந்தா தனியா கொதிக்கவெச்ச கொஞ்சம் அகரைச் சேருங்க, கல்லா இருந்தா கொஞ்சம் தண்ணி. முதல் தடவை என்னோடது கேரம் போர்டு ஸ்ட்ரைக்கர் மாதிரி இருந்துச்சு. உருக்கி மறுபடி ஊத்தினேன், யாருக்கும் தெரியாது.

சீக்கிரம் ஆகட்டும்னு ஃப்ரீசர்ல மட்டும் வைக்காதீங்க. உள்ளே ஐஸ் குத்தி, வெளியே எடுத்தா தண்ணியெல்லாம் வடிஞ்சு ஸ்பாஞ்ச் ஆகிடும். முந்தின நாள் ராத்திரி செஞ்சு, மூடி, ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வெச்சா போதும். ரெண்டு நாள் முன்னாடியே செஞ்சா ஓரமெல்லாம் தண்ணி விட்டு நிக்கும்.

உருகாது, ஆனா கெட்டுப்போகும்

அகர் ஜெல்லியில ஒரு ஏமாத்து வேலை இருக்கு. மாடியில மூணு மணி நேரம் கிடந்தாலும் அப்ப செஞ்ச மாதிரியே ஜம்முனு நிக்கும். ஆனா உள்ளே இருக்கிறது பால். வழக்கமா வெளியே ரெண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரிக்கு மேல வெயில் இருந்தா ஒரு மணி நேரம். தேங்காய்ப்பாலுக்கும் இதேதான். அதனால மொத்த டிரேயையும் ஷோவுக்கு வைக்காம பாதியை ஃப்ரிட்ஜ்லயே விட்டுட்டு, பந்தி பந்தியா எடுத்துக்கிட்டு வாங்க. பால் சேர்க்காத வெறும் பழச்சாறு ஜெல்லி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதுக்காக ராத்திரி வரைக்கும் வெளியே விட்டுடாதீங்க.

இன்னொண்ணு, அஞ்சு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைங்க. ஜெலட்டின் மாதிரி அகர் வாயில கரையாது, மென்னுதான் முழுங்கணும். வழுக்கிட்டு அப்படியே தொண்டைக்குப் போயிட்டா ஆபத்து. சின்ன கப்ல வர்ற கோன்ஜாக் ஜெல்லியை ஐரோப்பிய யூனியன் தடை பண்ணினதே குழந்தைங்களுக்கு மூச்சடைக்கும்கிற காரணத்தாலதான். வாண்டுகளுக்குத் தனியா பொடிசா நறுக்கி, உட்காரவெச்சு ஸ்பூன்ல கொடுங்க. ஓடிக்கிட்டே சாப்பிடுறது, வாயால உறிஞ்சுறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

வெட்டும்போது கத்தியை வெந்நீர்ல முக்கித் துடைச்சு, மேலேருந்து நேரா அழுத்துங்க. ரம்பம் மாதிரி இழுத்தா கலர் துண்டுகள் பெயர்ந்துடும். டிரே பக்கத்துல ஒரு சீட்டுல 'கடல்பாசி, பசும்பால், மாம்பழம், பீட்ரூட், சங்குப்பூ'ன்னு எழுதி வெச்சிடுங்க. இந்த வருஷம் நான் வெச்சேன். கீழ்வீட்டு அக்கா படிச்சுப் பார்த்துட்டு, பையனுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ரெண்டுன்னு எடுத்தாங்க. ஓரம் வெட்டின துண்டுகளைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஜில்லுனு ரோஸ் மில்க்ல போட்டு, ஊறவெச்ச சப்ஜா ஒரு ஸ்பூன் கலந்தா மறுநாள் பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கு கூலி அதுதான்.