ஒரு பெயர், ஈரூர்

கிரேக்க நாட்டின் தென்பாகமாகிய பெலொப்பனீசில், அல்பியோஸ், கிளாதியோஸ் என்னும் ஆறுகள் கூடுமிடத்தில் உள்ளது ஒலிம்பியா. பண்டைக் காலத்தில் அது குடிமக்கள் வாழ்ந்த நகரமன்று. சியூஸ் என்னும் தெய்வத்துக்கென விடப்பட்ட ஒரு சோலை. கி.மு. 776 தொடக்கம் நான்காண்டுக்கொருமுறை அங்கே விளையாட்டு விழா நிகழ்ந்ததென்பது மரபு. வென்றவன் பெற்ற பரிசு பொன்னன்று. காட்டொலிவ மரத்தின் இலைமுடியே. பொன் முழுவதும் தெய்வத்துக்கே போலும்! பைடியாஸ் என்னும் சிற்பி தந்தத்தாலும் பொன்னாலும் ஆக்கிய சியூசின் திருவுருவம் ஏறத்தாழ 40 அடி உயரமுடையதாய்க் கோயிலின் முகட்டைத் தொடுமாப்போல் வீற்றிருந்தது.

கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கங்களில் அக்கோயில் வீழ்ந்தது. ஆறுகள் கொணர்ந்த வண்டல் எஞ்சியதை மூடிற்று. 1766இல் ஆங்கில அறிஞர் சான்ட்லர் இடத்தை இனங்கண்டார். 1875இல் ஜெர்மானியர் முறையாக அகழத் தொடங்கினர்.

இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். ஒலிம்பியா, ஒலிம்பஸ் மலையின் அடிவாரத்தில் உள்ளதென எண்ணுவோர் பலர். தேவர்களின் இருப்பிடமெனப் போற்றப்பட்ட அம்மலையோ நாட்டின் வடபாகத்தில், 270 கிலோமீற்றருக்கும் அப்பால் நிற்கிறது. மலைக்குரிய தெய்வம் சோலையில் வழிபடப்பட்டமையால், மலையின் பெயரும் சோலைக்கு வந்தது.

அப்பெயர் பின்னர் கடல் கடந்தது. 1788இல் ஜோன் மியர்ஸ் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவர், வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாகச் செல்கையில் பனி மூடிய சிகரமொன்றைக் கண்டார். தேவர்கள் உறைதற்குத் தக்கதெனக் கருதி அதற்கு ஒலிம்பஸ் எனப் பெயரிட்டார். 1774இலேயே ஸ்பானிய மாலுமியொருவர் அதற்குப் புனித ரொசாலியாவின் பெயரை இட்டிருந்தார், அது நிலைக்கவில்லை. சிகரத்தைச் சூழ்ந்த மலைகள் யாவும் ஒலிம்பிக் மலைகளாயின. அம்மலைகள் தோன்றும் கடற்கழியின் தென்முனையில் எழுந்த சிறுகுடியேற்றம் முதலில் ஸ்மித்பீல்ட் எனப்பட்டது. 1850இல் ஒலிம்பியா ஆயிற்று. 1853இல் வாஷிங்டன் ஆட்புலத்துக்கும், 1889இல் அதே பெயருடைய மாநிலத்துக்கும் அதுவே தலைநகரமாயிற்று. (ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டன் வேறு, நாட்டின் மற்றைக் கோடியில் உள்ளது.) 1928இல் நிறைவெய்திய சட்டமன்றக் கட்டடத்தின் கல்விமானம் 287 அடி உயர்ந்து, கிரேக்க பாணித் தூண்கள் சூழ நிற்கிறது.

எனினும், அக்கரை பெயரற்றுக் கிடந்த நிலமன்று. தலைமுறை தலைமுறையாக அங்கு மீன்பிடித்தும் சிப்பி எடுத்தும் வாழ்ந்த செவ்விந்தியக் குடியினர் தமக்குரிய பெயர்களால் அதனை வழங்கினர். 1854ஆம் ஆண்டு டிசம்பரில் மெடிசின் கிரீக் என்னுமிடத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கையால், தம் நிலத்தின் பெரும்பகுதியை அவர்கள் கைவிட நேர்ந்தது. அவர்களுள் ஒரு சாராருக்கு ஒதுக்கப்பட்டது, தலைநகருக்கு வடக்கே கழியினுள் கிடக்கும் சிறுதீவொன்று. இன்று அதில் நிலையாகக் குடியிருப்போர் எவருமில்லை. ஆயினும் அம்மக்கள் தம்மை ஸ்குவாக்சின் தீவுக் குடியினர் என்றே அழைக்கின்றனர். தீவும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது.