640 கேபிக்குள் அடங்காத கம்பைலர்

தென்னேரியில எங்க வீட்டுல 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒண்ணு இருக்கு. "இதுல எதுவும் ஓடாது, தூக்கிப் போடு"ன்னு சொல்றாங்க. அதனாலதான் இந்தக் கதை.

1989. ஜிசிசி கம்பைலரை டாஸுக்குக் கொண்டு வருவீங்களான்னு ரிச்சர்ட் ஸ்டால்மனிடம் டி.ஜே. டெலோரி கேட்டார். முடியாது, ஜிசிசி ரொம்பப் பெரிசு, டாஸ் 16-பிட்னு பதில் வந்தது.

பதில்ல நியாயம் இருந்தது. டாஸ் புரோகிராமுக்குக் கிடைச்சது 640 கேபி. அதையும் 64 கேபி துண்டுகளாத்தான் தொட முடியும். 16-பிட் கம்பைலர்ல 'இன்ட்' 32,767 வரைதான். அதைத் தாண்டினா கணக்கு மைனஸ்ல போயிடும்.

டெலோரி வேற ஒண்ணைக் கவனிச்சார். டாஸ்தான் 16-பிட், 386 சிப் 32-பிட். புரோகிராமை 32-பிட்ல ஓடவிட்டு, ஃபைல் படிக்க, எழுத மட்டும் டாஸ்கிட்ட போற மாதிரி ஒரு எக்ஸ்டெண்டர் எழுதினார். ரேம் பத்தலன்னா, உடனே தேவைப்படாத பக்கங்கள் டிஸ்க்குக்குப் போகும். ஏரித் தண்ணி மாதிரிதான்: எல்லா வயலுக்கும் ஒரே நாள்ல திறந்தா பத்தாது, முறை வச்சு விட்டா பத்தும். என்ன, காத்திருக்கணும், டிஸ்க் மெதுவு.

அதுதான் டிஜேஜிபிபி. 1996-ல வந்த க்வேக் விளையாட்டின் டாஸ் வடிவம் அதுலதான் கம்பைல் ஆச்சு.

அதனால, பழைய மெஷினைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க: தடுக்கிறது சிப்பா, அது மேல ஓடுற சாஃப்ட்வேரா?