சின்னக் கைக்குச் சின்ன வேலை!

மாலை நேரம். அப்பா வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்காருகிறார். நான்கு வயது மகன் அடுக்களைக்கு ஓடுகிறான். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் எடுக்கிறான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல நடந்து வருகிறான்.

வாசற்படி தடுக்குகிறது. தண்ணீர் தரையில் கொட்டுகிறது.

"உன்னை யார் இந்த வேலை செய்யச் சொன்னது? போ, போய் விளையாடு!" என்று அம்மா அதட்டுகிறாள். தம்ளரைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

பையன் போய்விடுகிறான்.

ஆறு ஆண்டுகள் ஓடுகின்றன. பையனுக்கு இப்போது வயது பத்து. அதே அம்மா பக்கத்து வீட்டு அம்மாளிடம் குறைப்படுகிறாள்:

"ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டேன் என்கிறான், அக்கா! குடிக்கிற தண்ணீரைக்கூட நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது."

தவறு யாருடையது? அவனே உதவி செய்ய ஓடி வந்த நாள் ஒன்று இருந்தது. அன்று அவனை விரட்டியது யார்?

ரோமாபுரியில் நடந்தது

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஒரு பெண் டாக்டர். அவர் பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலி நாட்டில் 1870-ம் ஆண்டு பிறந்தவர்.

இத்தாலியின் தலைநகர் ரோமாபுரி. அங்கே சான் லொரென்சோ என்று ஒரு பகுதி. ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த இடம். தாயும் தந்தையும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் வயது வராத குழந்தைகள் தனியே திரியும். சுவரில் கிறுக்கும். படிக்கட்டைப் பாழாக்கும்.

கட்டிடத்தை நடத்தியவர்களுக்கு இது பெரிய தொல்லை. குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். பொறுப்பை மாண்டிசோரி அம்மையாரிடம் கொடுத்தார்கள். 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி அந்தக் "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பட்டது.

அங்கே பொம்மைகள் இருந்தன. ஆனால் குழந்தைகள் அவற்றை அதிகம் நாடவில்லை! கை கழுவுவது, மேசை துடைப்பது, நாற்காலியை எடுத்து வைப்பது போன்ற உண்மையான வேலைகளைத்தான் விரும்பிச் செய்தன.

மூக்குச் சிந்தும் பாடம்

ஒரு நாள் அம்மையார் ஒரு வேடிக்கையான பாடம் நடத்தினார். மூக்குச் சிந்துவது எப்படி என்பதுதான் பாடம்! கைக்குட்டையை எடுத்தார். சத்தம் வராமல், பிறர் கண்ணில் படாமல் மூக்கைத் துடைத்துக் காட்டினார்.

குழந்தைகள் சிரிக்கும் என்று நினைத்தார். ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. உற்றுப் பார்த்தன. பாடம் முடிந்ததும் பலமாகக் கைதட்டின!

அம்மையார் வியந்து போனார். பிறகு காரணம் புரிந்தது. "மூக்கு ஒழுகுகிறது, அசிங்கம்!" என்று அந்தக் குழந்தைகளைத் திட்டியவர்கள் பலர். எப்படித் துடைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

திட்டுவது வேறு. சொல்லிக் கொடுப்பது வேறு. அன்று கிடைத்த பாடம் இதுதான்.

உடையும் தட்டு

அம்மையார் குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்ற சிறிய மேசை நாற்காலிகள் செய்யச் சொன்னார். குழந்தையே தூக்கி வைக்கும்படி அவை கனமில்லாமல் இருந்தன. அலமாரியும் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

சாப்பாட்டு வேளையில் குழந்தைகளே தட்டு வைத்தன. குழந்தைகளே பரிமாறின. அதுவும் தகரத் தட்டு அல்ல. உடையும் பீங்கான் தட்டு!

"உடைந்துவிடாதா?" என்று கேட்கத் தோன்றும். உடையும்தான். ஆனால் உடையும் பொருள் என்று தெரிந்தால்தான் கை கவனமாக இருக்கும். கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றால் குழந்தைக்குக் கவனம் எதற்கு? இதுதான் அம்மையாரின் கருத்து.

அடையாறில் அம்மையார்

இந்த அம்மையார் நம் ஊருக்கும் வந்தவர். 1939-ம் ஆண்டு, தம் 69-ம் வயதில், பிரம்மஞான சபையாரின் அழைப்பின் பேரில் சென்னை அடையாறுக்கு வந்தார். மகன் மரியோவும் உடன் வந்தார். ஆசிரியர்களுக்குச் சில மாதங்கள் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

ஆனால் 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி உலகப் போரில் இறங்கியது. இத்தாலியர்கள் பிரிட்டிஷ் சர்க்காருக்கு எதிரிகள் ஆனார்கள். மரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் 70-வது பிறந்த நாளையொட்டி மகன் விடுதலை ஆனார். ஆயினும் ஊர் திரும்ப முடியவில்லை. போர்க் காலம் முழுவதும் அம்மையார் இந்தியாவில் இருந்தார். அடையாறிலும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். 1952-ல் காலமானார்.

நம் வீட்டில் என்ன வேலை?

அம்மையாரின் வழியை நடத்தப் பெரிய பணம் தேவையில்லை. நம் வீட்டில் இருக்கும் பொருள்களே போதும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தை என்ன செய்யும்? வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைக்கும். சாப்பிடும்முன் ஆளுக்கு ஒரு தம்ளர் எடுத்து வைக்கும். கைக்குட்டையை மடிக்கும். விளையாடிய சாமான்களைக் கூடையில் போடும்.

ஐந்து, ஆறு வயதில்? பச்சைப் பட்டாணி உரிக்கும். கீரை ஆய அம்மாவுக்குத் துணை செய்யும். சிறு செம்பில் தண்ணீர் எடுத்துத் துளசிச் செடிக்கு ஊற்றும். தான் படுத்த பாயைச் சுருட்டி வைக்கும்.

ஏழு, எட்டு வயதில்? ஓர் அறையைக் கூட்டும். தான் சாப்பிட்ட தட்டைக் கழுவும். காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து, யார் யாருடையது என்று பிரித்து மடிக்கும்.

கற்றுக்கொடுப்பது எப்படி?

முதலாவது: செய்து காட்டுங்கள். அதிகம் பேசாமல், மெதுவாக, குழந்தை பார்க்கும்படி செய்யுங்கள். பாய் சுருட்டுவதை ஒரு தடவை காட்டுவது, பத்துத் தடவை சொல்வதைவிட மேல்.

இரண்டாவது: கைக்கு ஏற்ற சாமான் கொடுங்கள். பெரிய துடைப்பம் குழந்தையை இழுத்துக்கொண்டு போகும்! சிறிய துடைப்பம் ஒன்று கட்டிக் கொடுங்கள். தம்ளரை எட்டாத பரணில் வைத்துவிட்டு, "எடுத்து வை" என்றால் எப்படி?

மூன்றாவது: ஒரு வேலை, ஒரு நேரம். இன்று இது, நாளை அது என்று மாற்றாதீர்கள். "சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விடுவது என் வேலை" என்று குழந்தை சொல்ல வேண்டும். அதில் அதற்கு ஒரு பெருமை உண்டு.

நான்காவது: குழந்தை செய்ததை அதன் கண் எதிரே திருத்திச் செய்யாதீர்கள். கைக்குட்டை கோணலாக மடிந்திருக்கிறதா? இருக்கட்டும். நாளைக்கு நேராகும். நீங்கள் பிரித்து மறுபடி மடித்தால், "நான் செய்தது வீண்" என்றுதான் அது நினைக்கும்.

ஐந்தாவது: வேலையைத் தண்டனை ஆக்காதீர்கள். "பொய் சொன்னாய் அல்லவா? போய் வீட்டைக் கூட்டு!" என்றால், கூட்டுவது கேவலம் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு வேலைக்கும் காசு கொடுப்பதும் வேண்டாம். வீடு எல்லாருடையது. அதன் வேலையும் எல்லாருடையது.

எல்லை எது?

அடுப்பு, கொதிக்கும் கஞ்சி, அரிவாள்மணை, கிணற்றடி, மின்சார ஸ்விட்ச் — இந்தப் பக்கம் சிறு குழந்தைகளை விடவே கூடாது. தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்லவும் கூடாது.

இன்னொரு எல்லையும் உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பல வீடுகளில் மூத்த பெண் குழந்தைதான் எல்லா வேலையும் செய்கிறாள். பாத்திரம் அவள் கழுவுகிறாள். கைக்குழந்தையை இடுப்பில் அவள் சுமக்கிறாள். தம்பி பந்து விளையாடப் போகிறான். அவளுடைய பாடப் புத்தகம் மூடியபடி கிடக்கிறது. இது பழக்கம் அல்ல, பாரம்!

எட்டு வயதுப் பெண்ணுக்குத் துடைப்பம் என்றால், ஏழு வயதுத் தம்பிக்குத் தட்டுக் கழுவும் வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு ஒன்றுதான். இருவரும் விளையாட வேண்டும். இருவரும் படிக்க வேண்டும்.

சட்டமும் இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது குற்றம். பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில், ஆபத்து இல்லாத வேலைகளில் தன் குடும்பத்தாருக்கு ஒத்தாசை செய்யலாம். அதற்கும் படிப்புக் கெடக் கூடாது.

கந்தைத் துணி ஒன்று போதும்

"இவ்வளவும் சொல்லிக் கொடுக்க நேரம் எங்கே? நானே செய்தால் ஐந்து நிமிஷத்தில் முடியும்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். உண்மைதான். குழந்தை செய்தால் அரை மணி ஆகும். ஆனால் அந்த அரை மணியில் முடிவது பட்டாணி உரிக்கும் வேலை மட்டும் அல்ல. "நானும் இந்த வீட்டுக்கு வேண்டியவன்" என்ற எண்ணம் ஒரு பிஞ்சு மனத்தில் விழுகிறது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

மறுபடியும் அந்த மாலை நேரத்துக்கு வருவோம். நான்கு வயதுப் பையன் தம்ளரோடு வருகிறான். வாசற்படி தடுக்குகிறது. தண்ணீர் கொட்டுகிறது. பையன் பயந்துபோய் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான்.

அம்மா அதட்டவில்லை. ஒரு கந்தைத் துணியை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள்.

"துடைத்துவிடு, கண்ணு. அப்புறம் வேறு தண்ணீர் கொண்டு வா. இந்தத் தடவை அரைத் தம்ளர் போதும்."

பையன் துடைக்கிறான். திரும்ப ஓடுகிறான். அரைத் தம்ளர் தண்ணீர் சிந்தாமல் திண்ணைக்கு வந்து சேருகிறது. அப்பா வாங்கிக் குடிக்கிறார்.

பையனின் முகத்தைப் பாருங்கள்!