அடுக்களைக் கதையும் அகத்திணையும்

ஏ. கே. இராமானுஜனைச் சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவராக உங்களிற் சிலர் அறிவீர்கள். 1929இல் மைசூரில் பிறந்த அவர், கொல்லம், மதுரை, பெல்காம் முதலிய ஊர்களில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 1993இல் அந்நகரிலேயே மறைந்தார்.

அவர் வீட்டு மாடியில் தந்தையோடு ஆங்கிலம், கீழே தாயோடு தமிழ், தெருவில் கன்னடம். கற்றவர் பலர் மாடி மொழியைப் பற்றிக்கொண்டு அடுக்களையை மறந்துவிடுவர். இவரோ, பாட்டிமார் சோறூட்டும்போது சொல்லும் கதைகளையும் ஆராய்ச்சிக்குரியனவாகக் கொண்டார்.

பாட்டியின் கதையில் அரசனுக்கும் பெயரில்லை, அவன் ஊருக்கும் பெயரில்லை. அத்தகைய கதையையே தொழில்முறைப் பாடகர் ஊரவர்முன் பாடுங்கால், ஆளுக்கும் ஊருக்கும் பெயர்கள் வந்துவிடுகின்றன. கன்னடக் கதைகளில் இதனைக் கண்ட இராமானுஜன், முன்னதை அகம் என்றும் பின்னதைப் புறம் என்றும் வகுத்தார். அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதியன்றோ? அவ்விதியை ஆண்டுதோறும் மனப்பாடம் செய்வித்த எனக்கு, அது அடுக்களையிலும் வாழ்கிறது என்பது பெருவியப்பு.

1991இல் வெளிவந்த அவருடைய தொகுதியில் 22 மொழிகளின் கதைகள் உள்ளன. அவற்றுள் ஒரு தமிழ்க் கதை: மக்களும் மருமக்களும் வைத வசவுகளை எவரிடமும் சொல்லமாட்டாத ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் உடல் நாளுக்கு நாள் பருக்கிறது. ஒருநாள் பாழ்வீடொன்றை அடைந்து, சுவர்களை நோக்கித் தன் குறைகளைச் சொல்லி அழுகிறாள். ஒவ்வொரு குறைக்கும் ஒரு சுவர் இடிந்து விழ, அவள் உடலின் பாரம் சிறிது சிறிதாகக் குறைகிறது. நான்கு சுவரும் விழுந்த பின், இலேசான உடலோடு அவள் வீடு திரும்புகிறாள்.