இந்தத் துண்டு எங்கே சேரும்?

ஒரே மனிதரின் மரபணுத் தரவு, ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு. வேலையை நான்கு செயலிகளுக்குப் பதில் பதினாறு செயலிகளிடம் பிரித்துக் கொடுத்தால் விடை கொஞ்சம் மாறிவிடலாம். கணினி எப்படி இரண்டு விதமாகப் பேசும்?

நம் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். பரவலாகப் பயன்படும் கருவிகள் அதை 150 எழுத்து அளவிலான கோடிக்கணக்கான துண்டுகளாகத்தான் வாசிக்கின்றன. ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று மாதிரித் தொகுதியோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது ‘பி.டபிள்யூ.ஏ-மெம்’ போன்ற மென்பொருளின் வேலை.

சிக்கல் நம் உடலிலேயே இருக்கிறது. மரபணுத்தொகுதியில் பாதியளவு, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். சுமார் 300 எழுத்து நீளமுள்ள ‘ஆலு’ என்ற தொடருக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள்! பாட்டிலிருந்து பல்லவி வரியை மட்டும் வெட்டிக் கொடுத்தால், அது முதலில் பாடியதா, சரணத்துக்குப் பின் வந்ததா என்று யார் சொல்வது? பல இடங்கள் சமமாகப் பொருந்தும்போது மென்பொருள் குலுக்கல் முறையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ‘நம்பகம் பூஜ்யம்’ என்று நேர்மையாகக் குறித்தும் வைக்கிறது.

அந்தக் குலுக்கலும் ஒரு கணக்குதான். துண்டு எத்தனையாவதாக வந்தது என்பதைப் பொறுத்தது. 2016இல் துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஃபிர்தினாவும் ஜான் அல்கானும் துண்டுகளின் வரிசையை மட்டும் கலைத்துப் பார்த்தார்கள். சில மென்பொருள்களின் முடிவுகள் மாறின.

செயலிகளின் கதை வேறு. துண்டுகள் ஜோடியாக வருகின்றன. ஒரு ஜோடியின் இரு துண்டுகளுக்கிடையே வழக்கமாக எவ்வளவு தூரம் என்பதை, துண்டுகளைத் தொகுப்பு தொகுப்பாக எடுத்து மென்பொருள் மதிப்பிடுகிறது. செயலிகள் கூடினால் தொகுப்பும் பெரிதாகும், மதிப்பீடு நகரும், சில துண்டுகள் இடம் மாறும். தொகுப்பின் அளவை 10 கோடி எழுத்து என்று நிலையாக வைத்துவிட்டால் இது நின்றுவிடும். அமெரிக்காவின் பெரிய மரபணு மையங்கள் 2018இல் வெளியிட்ட பொது நடைமுறையில் இந்த எண்ணும் இருக்கிறது.

ஆனால், ஒரே விடை வந்தால் போதுமா? முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயில் பழுதாகும் எஸ்.எம்.என்.1 மரபணுவுக்கு எஸ்.எம்.என்.2 என்ற இரட்டை உண்டு. இரண்டின் செயலையும் பிரிப்பது முக்கியமாக ஒரே ஓர் எழுத்து. இங்கே விழும் துண்டுகளில் பெரும்பாலானவை பூஜ்ய நம்பகம் பெறுவதால், மாற்றங்களைத் தேடும் வழக்கமான மென்பொருள்கள் அவற்றைத் தள்ளிவிடுகின்றன. எத்தனை முறை ஓட்டினாலும் ‘மாற்றமில்லை’ என்றே வரும். தரவு நோயுள்ள ஒரு குழந்தையுடையதாக இருந்தாலும் நோய் கண்ணில் படாது. அதனால் இதற்கென்றே தனி மென்பொருள்கள் எழுதினார்கள். துண்டு எந்த மரபணுவுடையது என்று அவை முதலில் முடிவு செய்வதில்லை. இரண்டு இடத்துத் துண்டுகளையும் சேர்த்து எண்ணி, அந்த ஓர் எழுத்து எத்தனை துண்டுகளில் எப்படி இருக்கிறது என்று பார்க்கின்றன.